சமவெளியிலிருந்து மலையேறிய வடை

இலங்கையில் கண்டியிலிருந்து நானுஓயா வழியாகப் பதுளைக்குப் போகும் ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சித்திரத்தையே தருகிறார்கள். தேயிலைச் சரிவு, மூடுபனி, அருவி, தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம். அந்தச் சித்திரத்தில் தவறாமல் ஒரு கூடைக்காரரும் இருப்பார். பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி உளுந்து வடை, பருப்பு வடை, இறால் வடை, அவித்த சோளம் என்று விற்றுக்கொண்டு போவார். அவர் கூடையில் இருப்பதை மலைநாட்டின் சுவை என்று பயணிக்குச் சொல்லிவிடுகிறார்கள். இயற்கைக் காட்சியும் தின்பண்டமும் ஒரே மண்ணில் விளைந்தவை போன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது. அந்தத் தோற்றம் சரியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வடையின் வரலாறு மலையில் தொடங்கவில்லை. கடலூர், சிதம்பரம் போன்ற சமவெளி ஊர்களின் ரயில் நிலையங்களிலிருந்து அதைப் படிக்கத் தொடங்கினால்தான், அது யாருடைய பண்டம், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

கடலூருக்கு அருகே கேப்பர் மலை என்று ஒன்று உண்டு. பெயர்தான் மலை, உண்மையில் அது ஒரு செம்மண் மேடு. அதைத் தவிர்த்தால் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரை ரயில் பாதை தட்டையான நிலத்திலேயே போகிறது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம், பிறகு கொள்ளிடம் தாண்டிச் சீர்காழி. ஏற்றமில்லாத இந்தப் பாதையில் கட்டுமானக்காரர்களுக்குச் சவாலாக இருந்தவை ஆறுகள்: கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874இல் உருவானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வடக்கே சென்னையை நோக்கி இந்த மீட்டர் பாதையைப் பகுதி பகுதியாகப் போட்டுத் திறந்தார்கள். சிதம்பரத்தைத் தொட்ட பகுதிகள் திறக்கப்பட்ட ஆண்டு 1877. அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் வேறு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் அதன் உச்சத்தில் இருந்த காலம் அது. இந்த ஊர்கள் அடங்கிய தென்னாற்காட்டுக்குத் தண்டவாளமும் பஞ்சமும் சேர்ந்தே வந்தன. 1877இல் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

போனவர்கள் யார் என்ற கேள்விக்குச் சிதம்பரம் வட்டாரத்து நிலவுடைமையைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். வீராணம் ஏரியும் கொள்ளிடமும் பாய்ச்சும் நெல்வயல்களில் மிராசுதாருக்கு நிலம்; பண்ணையாளுக்கு உழைப்பு. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களில் அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரை, நந்தனின் ஆண்டையாக, பாரதி அதில் படைத்துச் சேர்த்தார். தில்லையைப் பார்த்து வருவதற்குக்கூட ஆண்டையின் உத்தரவுக்குக் காத்துக்கிடக்கும் பண்ணையாளின் கதை அது. பக்திக் கதையாகவே மக்கள் அதைப் பாடினார்கள், கேட்டார்கள். ஆனால் ஊரைவிட்டு வெளியேறுவதே பெரும் காரியமாக இருந்த ஒரு சமூகத்தின் நிலையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அந்தக் காலத்தில் குறைவு. அப்படிப்பட்ட நிலத்துக்குள் ரயில் வந்தது. ரயிலோடு, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணியும் வந்தார். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் ஜில்லாக்களோடு வட, தென் ஆற்காடு ஜில்லாக்களும் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் களங்களாயின. போனவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வெளியேறும் வழி ஒன்று திறந்தது என்பது உண்மை. அந்த வழியில் கடன் காத்திருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

ரயில் வருமுன் இந்தப் பயணம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டுவழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் பட்டினியும் அந்தப் பாதை நெடுக ஆட்களை விழுங்கின. 1876இல் ரயில் தூத்துக்குடியை எட்டியபின் கொழும்புக் கப்பல் வழி பெருகியது. 1904இல் இலங்கைத் தோட்டக்காரர்களின் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் வைத்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடுவார்கள். ‘டின் டிக்கெட்’ என்ற அந்த வில்லையைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏறலாம். கட்டணம் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும், அங்கிருந்து கங்காணியின் கணக்குக்கும் தொழிலாளியின் கடனுக்கும் இறங்கும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபிறகு எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று வழி ஒன்றாக இணைந்தது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே திருச்சிக்குப் போகும் கார்டு லைன் 1920களின் இறுதியில்தான் வந்தது. அதுவரை எழும்பூரிலிருந்து மீட்டர் பாதையில் தெற்கே இறங்கும் வண்டிக்குக் கடலூரும் சிதம்பரமும் தப்பமுடியாத நிலையங்கள். தேயிலை வாங்கப் போன துரையும் தேயிலை பறிக்கப் போன பெண்ணும் வேறு வேறு வகுப்புப் பெட்டிகளில் ஒரே கொள்ளிடப் பாலத்தைக் கடந்தார்கள்.

இனி மலைப்பக்கம். இலங்கையின் மலைப் பாதையைப் போட்டது காட்சிக்காக அல்ல. கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது காப்பி மூட்டைகளைக் கீழே இறக்க. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924 என்று பாதை ஏறியது. அதன் உச்சி நிலையமான பட்டிப்பொல சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இறங்கிய வண்டியில் தேயிலைப் பெட்டி. மேலே ஏறிய வண்டியில் அரிசி, உரம், ஆள். தோட்டங்களில் கொடுத்த அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. இங்கே நின்று அந்தக் கூடையை மறுபடி பார்க்கவேண்டும். உளுந்து அந்த உயரத்தில் விளைவதில்லை. வடைப் பருப்பும் கோதுமை மாவும் மலையடிவாரம் தாண்டி எங்கிருந்தோ வந்தவை. தேங்காயும் கடலிலிருந்து பிடித்த இறாலும் கீழ்நாட்டுப் பொருள். ஒரு பண்டத்தின் ஒரு கைப்பிடிகூட அந்த மலையில் விளையவில்லை என்றால், அதை மலையின் சுவை என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்? அதே தண்டவாளத்தில், அதே மேல்நோக்கிய வண்டியில், அதைச் சுடத் தெரிந்தவர்களும் தின்னப் பழகியவர்களும் ஏறினார்கள் என்பதே எனக்குத் தெரியும் வலுவான ஆதாரம்.

இதற்கு ரயில் வரலாறு படித்தவர்கள் ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும். தின்பண்டத்தைப் பிறப்பித்தது மக்கள் அல்ல, நீராவி எஞ்சின் என்பார்கள். எஞ்சினுக்குத் தண்ணீரும் கரியும் வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்குக் காத்திருக்கவும் வேண்டும். நிற்கும் இடத்தில் பசிக்கும், பசிக்கிற இடத்தில் கடை முளைக்கும். இதில் பெரும் உண்மை இருக்கிறது. தைவானில் ஜப்பானிய ஆட்சி மரம் வெட்டி இறக்குவதற்காகப் போட்ட அலிஷான் மலைப் பாதை இதற்கு நல்ல சான்று. அதன் நடுவே சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் ஃபென்ச்சிஹு என்ற நிலையம். மேலே போகும் வண்டியும் கீழே வரும் வண்டியும் நண்பகல் வாக்கில் அங்கே நின்று நீர் பிடித்ததால், பெட்டிச் சோறு அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் இதே சான்றை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது என் பக்கம் திரும்புகிறது. எஞ்சினின் தாகம் வண்டி எங்கே, எப்போது நிற்கும் என்பதைத் தீர்மானித்தது. என்ன விற்கப்படும் என்பதை அது தீர்மானிக்கவில்லை. ஜப்பான் ஆண்ட தீவின் மலையில் பெட்டிச் சோறு வந்தது, ஏனென்றால் ரயில் நிலையத்தில் பெட்டிச் சோறு விற்கும் வழக்கத்தை ஜப்பானியர் கூடவே கொண்டுவந்தார்கள். இலங்கை மலையில் அந்த இடத்தில் வடை வந்தது. அதைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்காமல் எஞ்சினோடு நிறுத்திக்கொண்டால் விளக்கம் பாதியில் நிற்கும்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. யாழ்ப்பாணத்திலும் கிழக்குக் கரையிலும் தமிழர் பன்னெடுங்காலமாக வாழ்கிறார்கள். கொழும்பில் தமிழ் வணிகர்களும் முஸ்லிம் வணிகர்களும் தோட்டங்களுக்கு வெகு முன்பே இருந்தார்கள். வடை தீவுக்கு வரத் தென்னாற்காட்டுக் கூலியாள் தேவையில்லை. ஒப்புக்கொள்கிறேன். தீவுக்கு வடை முதலில் வந்தது தோட்டத் தொழிலாளி கையில்தான் என்பது என் வாதமும் அல்ல. என் கேள்வி தீவைப் பற்றியது அல்ல, மலையைப் பற்றியது. கண்டிச் சிங்களவர் வாழ்ந்த மலைநாட்டின் பழைய உணவு குரக்கன், பலா, கிழங்கு, பாற்சோறு வழியாக வந்தது. பிளாட்பாரத்தில் முதலிடம் பெற்றது அதுவாக இருந்திருக்கலாம், இல்லை. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று பாதை தொட்ட நகரங்கள் தோட்டங்களுக்குச் சரக்கு விற்ற கடைத்தெருக்களாகவே வளர்ந்தன. சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள், லயங்களில் தமிழ். ஒரு நிலையத்தில் எது விற்கும் என்பதை அதைச் சுற்றி வாழ்கிறவர்களின் நாக்கே முடிவு செய்கிறது.

அப்படியானால் அந்த மக்கள் வடை தின்று வாழ்ந்தார்களா என்று அடுத்து கேட்கலாம். இல்லை. தோட்டத்து அன்றாடம் என்பது ரேஷன் அரிசிச் சோறு, கருவாடு, பிற்காலத்தில் கோதுமை மாவு ரொட்டி, அதற்கு ஒரு சம்பல். கடலூர்ச் சீமையிலும் வயலில் இறங்கியவர்களுக்கு அன்றாட உணவு கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும்தான். உளுந்து ஊறவைப்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் படையலுக்கும். இதை என் வாதத்துக்கு எதிரான சான்றாக நான் பார்க்கவில்லை. பண்டிகைப் பண்டம் ஒன்று காசு கொடுத்து வாங்கும் பண்டமாக மாறியது பெரிய சமூக மாற்றம். பண்ணையில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. தோட்டத்தில், எவ்வளவு பிடித்தம் போனாலும், கையில் விழுந்தது காசு. ஊரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் மணத்த எண்ணெய்ச் சட்டி, சம்பள நாளின் கடைத்தெருவிலும் ரயிலடியிலும் மணந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. பயணத்துக்கு ஏற்ற பண்டமாக அது இருந்ததும் ஒரு காரணம். குழம்பு வேண்டாம், இலை போட வேண்டாம், கையில் பிடித்துத் தின்னலாம்.

மலைக்குப் போகாத உணவும் இதே கதையைச் சொல்கிறது. சிதம்பரம் என்றதும் நாக்கில் வருவது கத்தரிக்காய் கொத்சு. சம்பா சாதத்தோடு கோயில் சார்ந்த வீடுகளிலும், பிறகு இட்லியோடு ஓட்டல்களிலும் வளர்ந்த பண்டம். கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்து, புளி விட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டுச் செய்கிறார்கள். கத்தரிக்காய் இலங்கை மலையிலும் கிடைக்கும், புளியும் கிடைக்கும். ஆனாலும் அந்த ரயில் பாதையின் அடையாளமாகக் கொத்சு எங்கும் பேசப்படவில்லை. அதைச் சமைத்த வீடுகள் தோட்டத்துக்குப் போகவில்லை. போனவர்கள் வீட்டில் அது சமைக்கப்படவில்லை. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் கீழ்நாட்டுச் சந்தைகளுக்குப் போயின. ஆக, ஒரு பாதையில் எது பயணம் செய்தது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்த்தாலே பயணிகளின் சாதியும் வர்க்கமும் தெரிந்துவிடுகின்றன.

சாதி என்று சொன்னதும் பிளாட்பாரத்தைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. சுயமரியாதை இயக்கமும் பெரியாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அது நீங்கியது. ஒரே எஞ்சின் இழுக்கும் பெட்டிகளில் ஒரே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள், சோறு உண்ண இறங்கியவுடன் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். தகர வில்லையோடு வந்தவர்களுக்கு அந்த ‘மற்றவர்’ அறையும் எட்டும் தூரத்தில் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு எட்டியது கட்டுச்சோறும், ஜன்னல் வழியே இலையில் சுருட்டிக் கொடுக்கும் பண்டமும். ரயில் உணவின் வரலாற்றை ஸ்பென்சர் மாதிரியான கம்பெனிகளின் சாப்பாட்டு அறைகளிலிருந்து எழுதுவது எளிது. அங்கே விலைப்பட்டியலும் கோப்பையும் தட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஜன்னல் வியாபாரத்துக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது அந்தப் பண்டம் ஒன்றுதான். அதனாலேயே அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்கிறேன்.

நம்முடைய நீலகிரி ரயிலையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899, உதகைக்கு 1908. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் பகுதிகளில் பற்சக்கரம் பிடித்து ஏறும் அந்தப் பாதை 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஹில்குரோவில் எஞ்சின் நீர் குடிக்க நிற்கும்போது பயணிகளுக்குக் கிடைப்பது டீ, காப்பி, வடை. தோடர்களின் மோரும் படகர்களின் கோதுமைக் களியும் அவரைக் குழம்பும் அந்த மலையின் உணவுகள். அவை பிளாட்பாரத்துக்கு வரவில்லை. இரண்டு நாடுகளில் இரண்டு மலைகள். இரண்டிலும் மலைக்குரியவர்களின் சமையல் வீட்டுக்குள் இருக்க, ரயிலடியில் சமவெளிப் பண்டம் விற்கிறது. மலை ரயில் என்பது மலையைச் சமவெளிக்குக் கட்டிவைக்கும் கருவி. கட்டிய பிறகு மேலே ஏறியது சமவெளியின் அடுப்பு.

இந்தப் பாதை திரும்பியும் ஓடியது. அதைச் சொல்லாமல் விட்டால் வடையின் கதை இனிப்பாக மட்டும் முடிந்துவிடும். 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் போவதைத் தடுத்தது. 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியையும் அதன் ரயிலையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. கப்பல் பின்னர் இராமேசுவரத்துக்கு வந்தது. மலை நிலையங்களில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல், இக்கரையில் மண்டபம் முகாம். தாத்தன் பாட்டி கிளம்பிய தென்னாற்காட்டு ஊருக்கு வந்து உறவு தேடியவர்களும் உண்டு. ஊர் அவர்களைச் சிலோன்காரர் என்று தள்ளியே வைத்தது. வேறு பலருக்குக் கிடைத்தது மறுபடி தேயிலை: அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தோட்டங்களில், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம், பழைய வேலையே.

இந்தப் பக்கத்துப் பாதையும் மாறிவிட்டது. விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர் பாதை பிரிக்கப்பட்டு 2010இல் அகலப் பாதையாகத் திறந்தது. எஞ்சினுக்கு நீர் வேண்டாம். விரைவு வண்டிகள் ஓரிரு நிமிடமே நிற்கின்றன. தலைமன்னார்ப் பாதை போரில் அழிந்து 2015இல் மீண்டும் திறந்தது. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் இனிச் சுற்றுலாவாக அந்த மலை ரயிலுக்குப் போகிறவர்கள் கூடுவார்கள். அதே 2023இல் மலையகத் தமிழர், தங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காட்டுவழியில் செத்தவர்களுக்கான நடை அது. தொடங்கவேண்டிய இடம் தலைமன்னார்தான். ஆனால் அந்த முன்னோர்களின் பயணம் தலைமன்னாரில் தொடங்கவில்லை. அதன் முதல் பாதி இக்கரையில், மண்டபம், திருச்சி, தஞ்சாவூர் தாண்டி, கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் இருக்கிறது. அந்தப் பாதியை எழுதும் பொறுப்பு இந்த ஊர்க்காரர்களுடையது.